பாட்டியின் ரத்தம், பேத்தியின் பெயர்: காணாமல் ஆக்கப்பட்டவர்களை அடையாளம் காணும் அறிவியல் எங்கிருந்து வந்தது?

யாழ்ப்பாணம் செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்தை ஒட்டிய மனிதப் புதைகுழியிலிருந்து 2025 செப்டம்பர் தொடக்கம் வரை 240 எலும்புக்கூட்டுத் தொகுதிகள் அடையாளம் காணப்பட்டன. அவற்றோடு குழந்தையின் பால் போத்தல், பொம்மை, வளையல், நீல நிறப் பாடசாலைப் பை ஆகியவையும் கிடைத்தன. ஆகஸ்ட் 5 அன்று நீதிமன்ற உத்தரவின்படி அந்தப் பொருட்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் தாய்மார் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அப்போதிருந்து பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “எலும்பு கிடைத்துவிட்டதே, டிஎன்ஏ சோதனை செய்தால் யார் என்று தெரிந்துவிடாதா?”

தெரியாது. எலும்பிலிருந்து எடுத்த மரபணு, தனியாக இருக்கும்வரை வெறும் எண்களின் வரிசைதான். ஒப்பிட்டுப் பார்க்க உயிரோடிருக்கும் உறவினரின் மாதிரி கையில் இருந்தால் மட்டுமே அதற்கு ஒரு பெயர் கிடைக்கும். அந்த ஒப்பீட்டை எப்படிச் செய்வது, மாதிரிகளை எப்படிச் சேமிப்பது, அதற்கு எப்படிச் சட்டம் கொண்டுவருவது என்று உலகத்துக்குக் காட்டியவர்கள் அர்ஜென்டினாவின் பாட்டிமார்கள். ராணுவ ஆட்சியின் நடுவில், ஒரு செய்தித்தாள் துணுக்கிலிருந்து தொடங்கி, தங்களுக்கு வேண்டிய அறிவியலைத் தாங்களே தேடிப் போய்ப் பெற்றார்கள். அவர்கள் செய்ததைப் படிப்படியாகப் புரிந்துகொண்டால் செம்மணியில் அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

முதலில் சில சொற்கள்

1. வலிந்து காணாமல் ஆக்குதல்: அரசோ அரசின் ஆதரவு பெற்றவர்களோ ஒருவரைப் பிடித்துச் சென்றபின், பிடித்ததையே மறுப்பது, அல்லது அவர் எங்கே, என்ன ஆனார் என்பதை மறைப்பது. கடத்தலோடு மறுப்பும் சேரும்போதுதான் இந்தக் குற்றம் முழுமையடைகிறது. 2006-ல் ஏற்கப்பட்ட ஐ.நா. உடன்படிக்கை இதைத் தனிக் குற்றமாக வரையறுக்கிறது. இலங்கை 2016-ல் அதில் இணைந்தது. இந்தியா 2007-ல் கையெழுத்திட்டது, இன்னும் ஏற்புறுதி அளிக்கவில்லை.

2. ஒப்பீட்டு மாதிரி: காணாமல் போனவரின் ரத்த உறவுகள் தரும் ரத்தமோ உமிழ்நீரோ.

3. உயிரோடிருந்தபோதைய விவரங்கள்: உயரம், பல் வரிசை, பழைய எலும்பு முறிவு, அறுவைத் தழும்பு, கடைசியாக உடுத்தியிருந்த உடை போன்றவை. மரபணுவால் பிரித்துச் சொல்ல முடியாத இடத்தில் இவைதான் முடிவைச் சொல்லும்.

மறுப்பு ஏன் இவ்வளவு வலிமையான ஆயுதம்? உடல் இல்லையென்றால் கொலை வழக்கு இல்லை, மரணச் சான்றிதழ் இல்லை, ஈமக்கடன் இல்லை. நிலமும் வங்கிக் கணக்கும் முடங்கிக் கிடக்கும், மனைவி விதவையா இல்லையா என்பதுகூடத் தெரியாது. இவற்றையெல்லாம்விடக் கொடியது, “வாயைத் திறந்தால் பிள்ளைக்கு ஆபத்து” என்ற பயம் குடும்பத்தைப் பேசவிடாமல் செய்வது. குடும்பத்தை அவர்கள் கையாலேயே வாயடைக்க வைக்கும் ஏற்பாடு இது. இதை உடைப்பதற்கு முதலில் யாராவது ஒருவர் வீட்டை விட்டு வெளியே வந்து, இன்னொரு குடும்பத்தின் கதவைத் தட்ட வேண்டும்.

சதுக்கத்தில் வட்டமாக நடந்தவர்கள்

1976 மார்ச் 24 அன்று அர்ஜென்டினாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1983 டிசம்பர் வரை நீடித்த அந்த ஆட்சியில் சுமார் 30,000 பேர் காணாமல் ஆக்கப்பட்டதாக மனித உரிமை அமைப்புகள் சொல்கின்றன. மக்களாட்சி திரும்பியதும் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு 1984-ல் 8,961 பேரைப் பெயர் விவரங்களோடு பதிவுசெய்தது. இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள தூரத்துக்கு ஒரு காரணம், புகார் கொடுக்கவே ஆளில்லாமலோ துணிவில்லாமலோ போன குடும்பங்கள்.

1977 ஏப்ரல் 30 அன்று 14 பெண்கள் தலைநகர் புவனோஸ் ஐரிஸில், அரசு மாளிகைக்கு எதிரே இருக்கும் பிளாசா தெ மாயோ சதுக்கத்துக்கு வந்தார்கள். அன்று சனிக்கிழமை. அலுவலகங்கள் மூடியிருந்ததால் சதுக்கத்தில் பார்க்க ஆளில்லை. அதனால் நாளை மாற்றினார்கள். கடைசியில் வியாழக்கிழமை பிற்பகல் 3:30 என்று நிலைத்தது. நெருக்கடி நிலை அமலில் இருந்ததால் கூட்டமாக நிற்கக்கூடாது, நகருங்கள் என்று போலீஸ் விரட்டியது. சரி என்று இருவர் இருவராகக் கைகோத்து, சதுக்கத்தின் நடுவிலிருக்கும் நினைவுத் தூணைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். போலீஸ் சொன்னபடி நகர்ந்துகொண்டேதான் இருந்தார்கள், ஆனால் சதுக்கத்தை விட்டுப் போகவில்லை.

அந்த ஆண்டு அக்டோபரில் லூஹான் திருத்தலத்துக்குப் பெரும் பாதயாத்திரை நடந்தது. லட்சக்கணக்கானவர்கள் நடுவில் ஒருவரை ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லார் வீட்டிலும் பழைய வெள்ளைத் துணி ஒன்று இருந்தது, தங்கள் குழந்தைகளுக்கு இடுப்பில் கட்டிய துணி. அதைத் தலையில் கட்டிக்கொண்டு வருவதென்று பேசிவைத்தார்கள். உலகம் அறிந்த அந்த வெள்ளைத் தலைத்துணி இப்படி ஒரு நடைமுறைத் தேவையிலிருந்து வந்ததுதான்.

இந்தப் பெண்களில் ஒருவர் எஸ்தர் பாயெஸ்திரீனோ. கர்ப்பிணியாக இருந்தபோது கடத்தப்பட்ட அவருடைய மகள் சில மாதங்களில் விடுவிக்கப்பட்டாள். வீட்டோடு இருந்திருக்கலாம், நாட்டை விட்டும் போயிருக்கலாம். மற்றவர்களின் பிள்ளைகளும் திரும்பட்டும் என்று சொல்லி அவர் சதுக்கத்துக்கே திரும்பி வந்தார். காணாமல் போனவர்களின் பெயர்ப் பட்டியலைச் செய்தித்தாளில் விளம்பரமாக வெளியிட அப்போது தாய்மார்கள் பணம் திரட்டிக்கொண்டிருந்தார்கள். 1977 டிசம்பர் 8 அன்று சாந்தா குரூஸ் தேவாலயத்தில் அந்த வேலைக்காகக் கூடியவர்களை ராணுவம் அள்ளிச் சென்றது. எஸ்தரும் அதில் ஒருவர். தன் அண்ணன் காணாமல் போனதாகச் சொல்லிக் குழுவுக்குள் வந்த இளைஞன் ஒரு கடற்படை அதிகாரி என்பது பிறகுதான் தெரிந்தது. விளம்பரம் நிற்கவில்லை. டிசம்பர் 10, மனித உரிமை நாளன்று, பெயர்களோடு வெளிவந்தது. அன்று காலை அந்தச் செய்தித்தாளை வாங்கப் போன அசுசேனா வியாஃப்ளோர், தாய்மார்களை முதன்முதலில் ஒன்றுசேர்த்தவர், தெருவிலேயே கடத்தப்பட்டார்.

விமானத்திலிருந்து கடலில் வீசப்பட்ட அவர்களின் உடல்கள் அந்த மாதமே கரை ஒதுங்கின. பெயரில்லாதவர்கள் என்று குறிக்கப்பட்டு ஒரு சிற்றூர் மயானத்தில் புதைக்கப்பட்டன. 2005-ல் அர்ஜென்டினாவின் தடயவியல் மானுடவியல் குழு அந்த எலும்புகளை அடையாளம் கண்டது. அசுசேனாவின் அஸ்தி, அவர் சுற்றி நடந்த அதே தூணின் அடியில் புதைக்கப்பட்டது. 28 ஆண்டுகள் கழித்து ஓர் எலும்புக்குப் பெயர் கிடைக்க முடிந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

பாட்டிகளின் தனிக் கேள்வி

தாய்மார்களில் சிலருக்குத் தேடல் இரட்டிப்பு. மகளோ மருமகளோ கர்ப்பிணியாகப் பிடிக்கப்பட்டிருந்தாள், அல்லது கைக்குழந்தையும் சேர்த்துக் கொண்டுபோகப்பட்டிருந்தது. ரகசிய முகாம்களில் பிரசவம் பார்த்துவிட்டுத் தாயைக் கொன்று, குழந்தையை ராணுவக் குடும்பங்களுக்கும் அவர்களுக்கு வேண்டியவர்களுக்கும் பொய்ப் பிறப்புச் சான்றிதழோடு கொடுத்தார்கள். இப்படிச் சுமார் 500 குழந்தைகள் என்பது பாட்டிகளின் கணக்கு. 1977 அக்டோபரில் 12 பெண்கள் தனி அமைப்பாகச் சேர்ந்தார்கள்.

வேலை செய்த முறை மிகச் சாதாரணமானது. லாஸ் வியோலெத்தாஸ் போன்ற காபிக் கடைகளில் பிறந்தநாள் விருந்து போலக் கூடினார்கள். தொலைபேசியில் பேசும்போது பேரப்பிள்ளைகளுக்கு “பூக்கள்”, “நோட்டுப் புத்தகங்கள்” என்று பெயர், போப்பாண்டவர் “வெள்ளை மனிதர்”. அநாதை இல்லங்கள், நீதிமன்றங்கள் என்று அலைந்து, கேள்விப்பட்டதையெல்லாம் எழுதிவைத்தார்கள்.

ஆனால் ஒரு குழந்தையைக் கண்டுபிடித்தாலும் அது தங்களுடையது என்று எப்படி நிரூபிப்பது? 1979-ல் சிச்சா மரியானி என்ற பாட்டி செய்தித்தாளில் ஒரு செய்தியைப் பார்த்தார். தன் பிள்ளையில்லை என்று மறுத்த ஒருவனை ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்திருந்தது. தகப்பனின் ரத்தம் பேசுமென்றால் பாட்டியின் ரத்தம் பேசாதா? சிச்சாவின் பேத்தி கிளாரா அனாயீ, 1976 நவம்பர் 24 அன்று லா பிளாத்தா நகரில் வீடு தாக்கப்பட்டபோது எடுத்துச் செல்லப்பட்ட மூன்று மாதக் குழந்தை. தாய் டயானா அந்தத் தாக்குதலில் கொல்லப்பட்டார்.

கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு நாடு நாடாகக் கேட்டார்கள். நியூயார்க்கில் நாடுகடந்து வாழ்ந்த அர்ஜென்டின மரபியலாளர் விக்டர் பென்சசாதே அதன் முக்கியத்துவத்தைப் புரிந்துகொண்டார். அவர் வழியாகக் கலிபோர்னியாவின் மேரி கிளேர் கிங்கை அடைந்தார்கள். 1984-ல் கிங் புவனோஸ் ஐரிஸ் வந்து, துராந்து மருத்துவமனையின் ஆய்வகத்தோடு சேர்ந்து வேலை செய்தார். அந்த ஆண்டே பாவ்லா லோகாரெஸ் என்ற எட்டு வயதுச் சிறுமி, போலீஸ் அதிகாரி ஒருவரின் வீட்டிலிருந்து பாட்டியிடம் திரும்பினாள். பொய்ச் சான்றிதழில் அவளுடைய வயதில் இரண்டு ஆண்டுகள் குறைக்கப்பட்டிருந்தன. மரபணுச் சான்றின்படி மீட்கப்பட்ட முதல் பேத்தி அவள்.

நடுவில் ஒரு தலைமுறை இல்லாதபோது

தகப்பன்–பிள்ளை சோதனையில் இரண்டு தலைமுறைகளும் கண்முன்னே இருக்கின்றன. பாட்டிகளின் சிக்கல், நடுவிலிருக்க வேண்டிய தாயும் தந்தையும் இல்லை. அதைத் தாண்டும் கணக்கை ஒரு எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

நம் மரபணுவில் ஆளுக்கு ஆள் மாறும் இடங்கள் உண்டு. ஒவ்வோர் இடத்திலும் நமக்கு இரண்டு குறிகள், ஒன்று அம்மாவிடமிருந்து, ஒன்று அப்பாவிடமிருந்து. குறிகளை எண்களால் எழுதுவோம். ஒவ்வொரு குறியும் ஊரில் 10-ல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம்.

1. அப்பா வழித் தாத்தா 12, 14. பாட்டி 15, 16. அம்மா வழித் தாத்தா 17, 18. பாட்டி 13, 19.

2. குழந்தையிடம் இருப்பது 12, 17. தாத்தாவின் 12 அப்பாவுக்குப் போக 2-ல் 1 வாய்ப்பு, அங்கிருந்து குழந்தைக்கு வர மறுபடி 2-ல் 1. ஆக 4-ல் 1. 17-க்கும் அதே 4-ல் 1. இரண்டும் சேர 16-ல் 1, அதாவது 0.0625.

3. உறவே இல்லாத ஒரு குழந்தையிடம் 12, 17 சேர்ந்திருக்க வாய்ப்பு 2 × 0.1 × 0.1 = 0.02.

4. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 3.1. அதாவது இந்த ஓர் இடத்தைப் பார்த்தால், “பேரப்பிள்ளை” என்ற கூற்றுக்கு மற்றதைவிட மூன்று மடங்கு வலு.

5. இதேபோல 15 இடங்கள் பொருந்தினால் 3.125-ஐ 15 முறை பெருக்க வேண்டும். விடை சுமார் 2.6 கோடி மடங்கு. சந்தேகத்துக்கே இடமில்லை.

நான்கு தாத்தா பாட்டிகளும் மாதிரி தந்தால்தான் இந்த வலு. ஒரே ஒரு தாத்தா மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். உண்மையான பேரனாகவே இருந்தாலும், சராசரியாகப் பாதி இடங்களில் அவனுக்கு வந்திருப்பது பாட்டியின் குறி. பொருந்தும் இடத்தில் மடங்கு 1.75 ஆகவும், பொருந்தாத இடத்தில் 0.5 ஆகவும் வரும். 8 இடம் பொருந்தி 7 இடம் பொருந்தாவிட்டால் மொத்தம் 0.7. உறவு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. “ஒருத்தர் ரத்தம் கொடுத்தால் போதாதா?” என்ற கேள்விக்குப் பதில் இந்தக் கணக்கில் இருக்கிறது.

பாதிக்குப் பாதி பாட்டி தாத்தாக்கள் இறந்துவிட்ட குடும்பங்களுக்கு வேறு பாதைகள் உண்டு:

1. தாய்வழி இழை. உயிரணுவின் உட்கருவுக்கு வெளியே, மைட்டோகாண்ட்ரியாவில், 16,569 எழுத்துகள் கொண்ட சிறு மரபணு வளையம் இருக்கிறது. அது அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். அம்மம்மா, அம்மா, பிள்ளை மூவருக்கும் ஒன்றே. அம்மம்மா இல்லாவிட்டால் பெரியம்மா, சித்தி, தாய்மாமன் எவரும் தரலாம். தாய்மாமன் பெற்றுக்கொள்வார், ஆனால் தன் பிள்ளைகளுக்குக் கடத்தமாட்டார். இந்த இழையைப் பாட்டிகளின் தேடலுக்குப் பயன்படுத்தியவரும் கிங்தான்.

2. பேரன் என்றால் ஒய் குரோமோசோம். அப்பா வழித் தாத்தா, பெரியப்பா, சித்தப்பா, அவர்களின் மகன்கள் எல்லாரிடமும் ஒன்றே.

3. பேத்தி என்றால் எக்ஸ் குரோமோசோம். அப்பாவிடம் ஒரே ஓர் எக்ஸ்தான், அது அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது, மகளுக்கு அப்படியே போகிறது. ஆகவே அப்பம்மாவும் பேத்தியும் ஒப்பிடத்தக்கவர்கள்.

இவற்றுக்கும் எல்லை உண்டு. ஒரே தாய்வழி இழை ஊரில் பலருக்கு இருக்கலாம். அது “இல்லை” என்று உறுதியாகச் சொல்ல உதவும், “இவர்தான்” என்று சொல்ல மற்றவற்றோடு சேர வேண்டும்.

ரத்தத்துக்கு ஒரு வங்கி

பாட்டிகளுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. குழந்தைகளோ எங்கே என்று தெரியவில்லை. தாங்கள் இறந்த பிறகும் ஒப்பீடு நடக்க வேண்டும் என்றால் மாதிரி காத்திருக்க வேண்டும். 1987-ல் 23.511 என்ற எண்ணுள்ள சட்டத்தால் தேசிய மரபணுத் தரவு வங்கி உருவானது. மாதிரிகளை 2050 வரை பாதுகாக்க வேண்டும் என்பது திட்டம். தங்கள் ஆயுளைத் தாண்டிய ஒரு வேலைக்கு அந்தப் பெண்கள் தாங்களாகவே நாள் குறித்தார்கள். இதைவிடத் தெளிவான நம்பிக்கையை என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை.

இன்னொரு விளைவு யாரும் முன்கூட்டி நினைக்காதது. 1986-லும் 1987-லும் வந்த இரு சட்டங்கள் ராணுவத்தினர் மீதான பெரும்பாலான வழக்குகளை மூடின. ஆனால் குழந்தைகளைத் திருடிய குற்றம் அவற்றுக்குள் வரவில்லை. மற்றக் கதவுகளெல்லாம் அடைபட்டிருந்த காலத்தில் இந்த வழக்குகள் மட்டும் நடந்தன. முன்னாள் ஆட்சித் தலைவர் விதேலா 1998-ல் மறுபடி கைதானது இந்தக் குற்றத்துக்காகத்தான். அந்த இரு சட்டங்களும் 2005-ல் உச்ச நீதிமன்றத்தால் செல்லாதவையாக்கப்பட்டன. 2012-ல், திட்டமிட்ட குழந்தைத் திருட்டுக்காக விதேலாவுக்கு 50 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 8-வது பிரிவு, தன் அடையாளத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை, பாட்டிகளின் முயற்சியால் சேர்ந்தது.

குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களானதும் தேடும் முறையும் மாறியது. “1975-க்கும் 1980-க்கும் இடையில் பிறந்தவரா, உங்கள் பிறப்பைப் பற்றிச் சந்தேகம் உண்டா, வாருங்கள்” என்று அழைத்தார்கள். 2014-ல் அப்படித் தானாக வந்த ஓர் இசைக்கலைஞர், அமைப்பின் தலைவி எஸ்தேலா தெ கார்லோட்டோவின் பேரனாக இருந்தார். 114-வது பேரன். பாட்டி 36 ஆண்டுகள் தேடியிருந்தார். தாய் வழி, தந்தை வழி என்று இரு குடும்பங்களின் மாதிரிகளும் வங்கியில் இருந்ததால் தந்தை யார் என்பதும் அதே சோதனையில் தெரிந்தது. 2025 ஜூலையில் எண்ணிக்கை 140-ஐத் தொட்டது.

எங்கே தவறிப்போகிறது

1. இயந்திரத்தால் தோண்டுவது. 1984-ல் அர்ஜென்டினாவிலேயே முதல் அகழ்வுகள் புல்டோசரால் நடந்தன. மண்டையோடுகள் நொறுங்கின, ஒருவரின் எலும்பு இன்னொருவருடையதோடு கலந்தது. அமெரிக்கத் தடயவியல் மானுடவியலாளர் கிளைட் ஸ்நோ வந்து, மாணவர்கள் சிலருக்குக் கரண்டியும் தூரிகையும் கொண்டு அங்குலம் அங்குலமாகத் தோண்டப் பழக்கினார். மேலே சொன்ன தடயவியல் குழு அந்த மாணவர்களிலிருந்து வளர்ந்தது.

2. வெப்பமும் ஈரமும். மரபணுவைப் பெரிதும் சிதைப்பவை இவை. வெப்பநாட்டு மண்ணில் மெல்லிய எலும்புகள் பயன்படாமல் போகலாம். பற்கள், தொடையெலும்பு, உட்காதைச் சூழ்ந்துள்ள கெட்டியான எலும்பு ஆகியவற்றில் எஞ்சியிருக்க வாய்ப்பு அதிகம். ஓர் உயிரணுவில் மைட்டோகாண்ட்ரியா மரபணு நூற்றுக்கணக்கில் இருப்பதால் பழைய எலும்பில் முதலில் கிடைப்பதும் அதுவே.

3. கைபட்டுக் கலப்பது. தோண்டுபவரின் வியர்வை, தும்மல், கையுறையில்லாத விரல் எல்லாம் எலும்பில் வேறொருவரின் மரபணுவைச் சேர்க்கும். தோண்டும் குழுவினரின் மாதிரிகளையும் எடுத்துவைப்பது இதனால்தான்.

4. அரைகுறை ஒப்பீடு. 2015 டிசம்பரில், கிளாரா அனாயீ கிடைத்துவிட்டாள் என்று அறிவிக்கப்பட்டது. ஒரு தனியார் ஆய்வகத்தின் அறிக்கையை நம்பி, 92 வயதான சிச்சா ஒரு பெண்ணைக் கட்டியணைத்துக்கொண்டார். மறுநாளே, தேசிய வங்கியில் உள்ள குடும்ப மாதிரிகளோடு அந்தப் பெண்ணின் மரபணு பொருந்தவில்லை என்பது வெளியானது. அந்த ஒரு நாளின் மகிழ்ச்சியும் அதன்பின் வந்த வலியும் தவிர்த்திருக்கக் கூடியவை. முழுக் குடும்பத்தின் மாதிரிகளோடு, ஒரே பொறுப்பான இடத்தில் ஒப்பிடாமல் எதையும் அறிவிக்கக்கூடாது.

5. காலக் கணிப்பு. மன்னாரில் சதொச என்ற அரசுக் கடையின் வளாகத்தில் 2018-ல் 300-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. அமெரிக்க ஆய்வகம் ஒன்றின் கார்பன் சோதனை அவற்றைப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தையவை என்றது. சில மாதிரிகளை மட்டும் வைத்து முழுக் குழிக்கும் முடிவு சொல்லலாமா என்று குடும்பங்கள் கேட்டன. நியாயமான கேள்வி. கூடவே கிடைக்கும் துணி, பிளாஸ்டிக், நாணயம், புதைந்த அடுக்கு ஆகியவற்றையும் சேர்த்துத்தான் காலத்தை முடிவுசெய்ய வேண்டும்.

வடக்கு கிழக்கில் குடும்பங்கள் இப்போதே செய்யக்கூடியவை

2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் தாய்மார் தொடங்கிய தொடர் போராட்டம் இன்றும் தொடர்கிறது. பதில் கிடைக்காமலே இறந்துபோன பெற்றோர் பலர். ஒவ்வொரு மரணத்தோடும் ஓர் ஒப்பீட்டு மாதிரியும் மண்ணுக்குப் போகிறது. மரபணு வங்கிக்கான கோரிக்கை ஏன் அவசரமானது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். வங்கி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் இருக்கின்றன.

1. எழுதிவையுங்கள். பிறந்த தேதி, உயரம், வலதுகையா இடதுகையா, பழைய எலும்பு முறிவு, ஷெல் துண்டு பட்ட இடம், கட்டிய பல், எடுத்த பல், கடைசியாக உடுத்தியிருந்த உடையின் நிறம், தையல், தையற்காரர். ஒரே வீட்டில் இரண்டு மகன்கள் காணாமல் போயிருந்தால் இது மிக முக்கியம். பெற்றோரின் மரபணு “இவர்களின் மகன்” என்று மட்டும் சொல்லும். அண்ணனா தம்பியா என்று சொல்வது வயதும் பல்லும் பழைய முறிவும்தான்.

2. பல் தெரியச் சிரிக்கும் படங்களைத் தேடுங்கள். கல்யாண ஆல்பத்தின் ஓரத்தில் நிற்கும் படம்கூட உதவும். பெரிதாக்கினால் பல்லிடைவெளியும் கோணற்பல்லும் தெரியும்.

3. பழைய பொருட்களைக் கழுவாதீர்கள். பல் துலக்கி, சீப்பு, விழுந்த பாற்பல் எல்லாவற்றிலும் மரபணு இருக்கலாம். நம் வீடுகளில் குழந்தையின் உலர்ந்த தொப்புள்கொடியைத் தாயத்துக்குள் அடைத்து வைப்பதுண்டு. அது காணாமல் போனவரின் உடலிலிருந்தே வந்த துண்டு. உலர்ந்தே இருந்திருந்தால் அதிலிருந்து மரபணு எடுக்க வாய்ப்புண்டு. தாயத்தைத் திறந்து பார்க்காமல் அப்படியே வையுங்கள்.

4. காகித உறையில் வையுங்கள், பிளாஸ்டிக் பையில் வேண்டாம். பிளாஸ்டிக் ஈரத்தை அடைத்துப் பூஞ்சை பிடிக்க வைக்கும். உறையின் மேல் யாருடையது, யார் எடுத்து வைத்தது, எந்தத் தேதி என்று எழுதி, கையெழுத்திட்டு ஒட்டுங்கள்.

5. மாதிரி எடுக்க யாராவது வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள்: எந்த ஆய்வகம்? எதற்கு மட்டும் பயன்படும்? பொலிஸ் விசாரணைகளுக்குக் கொடுக்கப்படுமா? நான் திரும்பப் பெற விரும்பினால் வழி என்ன? பதிலை எழுத்தில் வாங்குங்கள். அர்ஜென்டினாவின் வங்கியைக் குடும்பங்கள் நம்பியதற்குக் காரணம், அது எதற்காக என்பதைச் சட்டம் வரையறுத்திருந்தது.

6. வரிசையில் முதலில் மூத்தவர்கள். காணாமல் போனவரின் தாயும் தந்தையும் முதலில். ஒருவர் மட்டும் இருந்தால் அவரோடு உடன்பிறந்தவர்களும். பிள்ளைகள் இருந்தால் பிள்ளைகளும் அவர்களின் மற்றப் பெற்றோரும் சேர்ந்து. புலம்பெயர்ந்த உறவுகளையும் பட்டியலில் எழுதுங்கள். டொராண்டோவில் இருக்கும் தங்கையின் உமிழ்நீரும் இங்கிருப்பவருடையதைப் போலவே பயன்படும். தேவை ஓர் அட்டையில் தடவி, நிழலில் உலர்த்திய சில துளிகள்.

சிச்சா மரியானி 2018 ஆகஸ்டில், 94 வயதில் இறந்தார். பேத்தியை அவர் மறுபடி பார்க்கவில்லை. அவருடைய ரத்த மாதிரி புவனோஸ் ஐரிஸில் இருக்கிறது. கிளாரா அனாயீ, எந்தப் பெயரில், எந்த ஊரில் இருந்தாலும், ஒருநாள் சந்தேகம் வந்து அந்த வாசலுக்கு வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.